மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த கம்பிப் பட்டியல்

ஸ்ரீ:

மேலச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
குரோதி வருஷம், சித்திரை மாதம் 19-ஆம் தேதி.

ஜாம்ஷெட்பூரில் எழுந்தருளியிருக்கும் மாப்பிள்ளை சிரஞ்சீவி சௌந்தரவரதனுக்கு, மாமனார் சாரங்கபாணி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

இவ்விடத்தில் பெருமாள் கிருபையால் அனைவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் ரிக்கார்டு செக்ஷனில் உட்கார்ந்தவனுக்குத் தவறான தகவலை எழுத்தில் கொடுத்துப் பழக்கமில்லை. ஆகவே கிருபை இருக்கிறது, க்ஷேமம் மட்டும் மூன்று மாதமாகக் கிடையாது என்று வைத்துக்கொள்ளவும். சௌபாக்கியவதி வத்ஸலாவின் உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே வெயில் எப்படி என்பதற்கெல்லாம் விவரமாகப் பதில் எழுதவும். இங்கே வெயிலைப் பற்றி எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். காவேரியில் மணல்தான் ஓடுகிறது. ஸ்நானத்துக்கு ஒரு முழங்கால் தண்ணீரைத் தேடி விடியற்காலையில் அரை மைல் நடக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையைக் குறை சொல்வது எங்கள் வம்சத்தில் வழக்கமில்லை. என் தகப்பனாரின் வெள்ளிச் சொம்பை அவருடைய மாப்பிள்ளை ஆற்றோடு விட்டுவிட்டு வந்து நின்றபோதுகூட, ‘காவேரி கொடுத்துவைத்தவள்’ என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்தவர் அவர். நானும் அந்த மரபில் வந்தவன்தான். அதனால் குறையாக இல்லை, தகவலாகவே தெரிவிக்கிறேன். முந்தின தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது, எண்ணெய் ஸ்நானம் ஆகி, லேகியம் சாப்பிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து, உங்கள் தொழிற்சாலையில் புதிதாக ஒரு யந்திரம் காட்டினார்கள், அதில் ஒட்டுகிற கம்பி சுருளிலிருந்து தானாக வந்துகொண்டே இருக்கிறது, அதற்கு வாயு காவல் நிற்கிறது, இரும்பும் இரும்பும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்துவிடுகிறது என்று சொன்னீர்கள். நான் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். உங்கள் மைத்துனன் சேஷு தூங்கவில்லை. அன்றைக்கு விழித்தவன் இன்னும் கண்ணை மூடவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பையன், பாலக்கரையில் நஜிமுதீன் பாய் என்பவருடைய லேத் பட்டறையில் போய் ஒரு வருஷம் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டான். தை மாதம் அந்தப் பட்டறையிலேயே ஒரு பக்கத்தைத் தட்டி கட்டித் தடுத்து, பாய் அவனுக்குக் கடை வைத்துக்கொள்ளக் கொடுத்தார். நல்ல மனுஷர். அவரைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் தேவலை என்பதைத் தவிர.

கடை திறப்பதற்கு முன்னால் நீங்கள் அன்போடு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினீர்கள். எந்த உலோகத்துக்கு எந்தக் கம்பி என்று ஒரே தாளில் இரண்டு பக்கமும். அதை நான் மூன்று முறை படித்தேன். வத்ஸலாவுக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. சாதா இரும்புக்குச் சாதா கம்பி போதும். கனமான பாரம் தாங்குகிற வேலை என்றால் அதற்கு வேறு பூச்சுப் பூசிய கம்பி. வார்ப்பிரும்பு தொட்டால் சிணுங்கி, அதற்கு இரும்புக் கம்பியே ஆகாது, நிக்கல் கம்பிதான். எவர்சில்வருக்கு எவர்சில்வர், அலுமினியத்துக்கு அலுமினியம். எவர்சில்வரையும் சாதா இரும்பையும் சேர்க்க வேண்டி வந்தாலோ, இரண்டு பக்கத்தையும்விட உசத்தியாக மூன்றாவது ஒரு கம்பி நடுவில் வந்து பேசி முடிக்க வேண்டும். நம் கல்யாணத் தரகர் நினைவு வந்தது. இவ்வளவும் சரிதான். உங்கள் மாமியார் வேதவதி அந்தத் தாளை வாங்கி, சுபகாரியக் கடிதாசு என்று நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, கூடத்தில் பூஜை நடக்கிற கோயிலாழ்வாரில் பெருமாள் திருவடியில் வைத்துவிட்டாள். அசலை அங்கிருந்து எடுக்கக்கூடாது என்பதால் கடைக்கு நானே ஒரு நகல் எடுத்து, கீழே ‘உண்மை நகல்’ என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கடைசி மூலையில் மஞ்சளுக்கு அடியில் ஏதோ கோணலாகக் கொஞ்சம் மை தெரிந்தது. உங்கள் கையெழுத்தாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது. பட்டறையில் தடுப்பு வெறும் தட்டி என்பதாலும், நிக்கல் கம்பி இந்த ஜில்லாவிலேயே கிடைக்காத வஸ்து என்பதாலும், சேஷு கம்பிகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுத் தினமும் சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். காலையில் மறுபடி எடுத்துப்போவான். அந்தப் பெட்டியை எங்கே வைக்கிறான் என்றால், கோயிலாழ்வாருக்கு நேர் எதிரே, மாடத்துக்குக் கீழே. அந்தப் பெட்டி பஸ்ஸில் யார் காலடியில் கிடந்ததோ, அந்தக் கம்பிப் பூச்சில் என்ன கொழுப்பு என்ன கோந்து சேர்த்திருக்கிறார்களோ, நமக்கு என்ன தெரியும்? நான் பையனிடம் சண்டை போடவில்லை. எனக்குத் தெம்பில்லை. விடியற்காலையில் ஸ்நானம் ஆகி வந்ததும், வீடு முழுக்கத் தெளிக்கிற கையோடு அந்தப் பெட்டியையும் திறந்து மூன்று தடவை காவேரித் தீர்த்தம் ப்ரோக்ஷணம் செய்து மூடிவைப்பேன். சேஷுவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அப்பா சம்மதித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வான். நான் சம்மதிக்கவில்லை என்பதைத் தினமும் ராத்திரி சாப்பாட்டு வேளையில் அவனுக்குத் தெரியப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் கிராக்கி மணப்பாறையிலிருந்து மயிலம்மாள் என்கிற அம்மாள். முறுக்குப் போடுகிறவள். ஒரு பெரிய இரும்பு வாணலி அடியில் கீறல் விட்டிருந்தது. சாதா இரும்பு, சாதா கம்பி, பட்டியல்படி. சேஷு ஒட்டினான், அரத்தால் தேய்த்தான், பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. நாலாம் நாள் அந்த அம்மாள் வாணலியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். எண்ணெய் காய்ந்ததும் ஒட்டின இடத்தில் ஊசிமுனை ஊசிமுனையாக ஓட்டைகள் இருந்து, எண்ணெய் கசிந்து அடுப்பில் விழுந்து, ஜ்வாலை கூரைக்கு எழும்பிவிட்டதாம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் சத்தம் போடவில்லை. வாணலியைக் கடை வாசலில் வைத்துவிட்டு, “தம்பி, முறுக்கு சுடத்தான் இதைக் குடுத்தேன். இது வீட்டைச் சுடுது” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டாள். சேஷு அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பெற்ற மனசு என்று ஒன்று இருக்கிறதே. மறுநாளிலிருந்து ப்ரோக்ஷணத்தில் துளசித் தீர்த்தத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது ஒரு காபி கிளப் பாய்லர், எவர்சில்வர். எவர்சில்வர் கம்பிதான் போட்டான். இரண்டு நாள் கழித்து அந்தக் கிளப்பில் காபி சாப்பிட்டவர்களைவிட பாய்லருக்குக் கீழே நின்று நனைந்தவர்கள் அதிகம் என்று கேள்வி. அதற்கடுத்தது யாரோ ஒருவருடைய அலுமினிய இட்லிப் பானை. அந்தக் கம்பியை எடுத்தபோதே பூச்சு, பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி, கையோடு உதிர்ந்து வந்ததாம். தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம், நீங்கள் சிபாரிசு செய்த கம்பிகளின் தரம் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது அப்போதுதான். சேஷு மட்டும் கம்பியைக் குறை சொல்லவில்லை. தான் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு என்று சொல்லி, நகலை மடியில் வைத்துக்கொண்டு, இதற்கு அதைப் போட்டிருக்க வேண்டுமோ, அதற்கு இதைப் போட்டிருக்க வேண்டுமோ என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். எதைப் போட்டாலும் ஊசிமுனை ஓட்டை. நஜிமுதீன் பாயும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, கை சுத்தம், கரண்டு சரி, கம்பி பொருத்தம், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று தலையைச் சொறிந்தாராம். ஒருநாள் சேஷு என்னிடமே வந்து, “பெட்டி உள்ளுக்குள்ள வேர்க்கறதுப்பா” என்றான். இந்தச் சித்திரை வெயிலில் எனக்கே வேர்க்கிறது, தகரத்துக்கு வேர்த்தால் என்ன அதிசயம் என்றேன். அவன் பெட்டியைக் கூடத்திலிருந்து எடுத்து, அடுப்பு அனல் படட்டும் என்று தளிகை உள் சுவருக்கு ஒட்டி வைத்தான். மடியாகச் சமையல் நடக்கிற இடத்துச் சுவர் அது. நான் அங்கேயும் விடாமல் தெளித்தேன்.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். தொட்டியத்திலிருந்து சின்னையா வந்தார். வாழை விவசாயி, ஐம்பது வயசு. சித்திரைத் தேர் பார்க்க வந்தவர், வருகிற வழியில் கிணற்று மோட்டார் பம்பையும் பஸ் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். பம்பின் வார்ப்பிரும்பு உடம்பில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். புதுப் பம்பு சொல்லி வைத்தால் வர ஆறு வாரமாகுமாம், வாழை ஆறு நாள் தாங்காதாம். வார்ப்பிரும்புக்கு நிக்கல். வத்ஸலா போன மாசி மாதம் வந்தபோது புடவைக்கு நடுவே சுருட்டி எடுத்துவந்த கம்பிகள்தான். சேஷு பம்பைச் சூடு காட்டி, ஒட்டி, சாம்பலில் புதைத்து ஆற வைத்தான். தண்ணீர் ஊற்றினால் இடியாப்ப அச்சாக ஒழுகிற்று. அன்றைக்கு விடியற்காலையில் நான் பாதிச் சொம்பு தீர்த்தம் தெளித்திருந்தேன், பெருமாளே இந்த ஒன்றாவது நிலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு. மறுநாள் ஏகாதசி. முழுச் சொம்பையும் கவிழ்த்தேன். சேஷு ஒட்டினதை வெட்டியெடுத்துவிட்டு இரண்டாம் தடவை ஒட்டினான். முதல் தடவையைவிட மோசம். சின்னையா கோபிக்கவே இல்லை என்பதுதான் பெரிய தண்டனை. கடைப் பலகையிலேயே துண்டை விரித்து மூன்று நாளாகப் படுத்துக்கிடக்கிறார். “வாழை கண்ணு முன்னாலயே காயுது தம்பி. வெறும் பம்போட ஊருக்குப் போயி நான் என்னத்தைச் சொல்ல? நீ செஞ்சு குடு, நான் இருக்கேன்” என்கிறார். அவருக்கு வேதவதி தினமும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தனுப்புகிறாள். இன்னும் ஒரே ஒரு கட்டு நிக்கல் கம்பி மெழுகுத் தாள் பிரிக்காமல் இருக்கிறது. அதில் கை வைக்க சேஷுவுக்குப் பயம். நேற்று ராத்திரி தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, “எனக்கு இந்த வேலை வராதோப்பா?” என்று கேட்டான். தினமும் நான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. அவன் வாயிலிருந்து வந்தபோது எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். என் பழைய சிநேகிதர் ஒருவர் திருச்சியில் ஒரு ஆபீசில் சேஷுவுக்கு கிளார்க் வேலை சொல்லிவைத்திருக்கிறார். வைகாசி பிறப்பதற்குள் சேருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டான், மூன்று மாதமாக ஒரே பாட்டைப் பாடிப் பாடி என் குரலுக்கு அவன் காது பழகிப்போய்விட்டது. நீங்கள் ஏற்றிய விளக்கு, நீங்கள்தான் அணைக்க வேண்டும். உனக்குக் கம்பி தேர்ந்தெடுக்கிற ஞானம் இல்லை, கடையை மூடு, ஆபீசுக்குப் போ என்று உங்கள் கையால் நாலு வரி எழுதவும். உங்கள் பட்டியல் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். என்ன என்றுதான் தெரியவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. ரிடையரானவன் ஓய்வாக இருப்பான் என்று யாரோ வேலையில் இருக்கிறவன்தான் கிளப்பிவிட்டிருக்க வேண்டும்.

பெருமாள் தாயார் கடாக்ஷத்தில் உங்களுக்கும் சௌபாக்கியவதி வத்ஸலாவுக்கும் சகல மங்களங்களும் உண்டாகவும், உங்கள் தொழிற்சாலையில் ஒட்டினதெல்லாம் ஒட்டினபடியே இருக்கவும் பிரார்த்திக்கிறேன். உங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் நமஸ்காரத்தைத் தெரிவிக்கவும். வேதவதி உங்களுக்கு அப்பளம் இட்டு வைத்திருக்கிறாள், யாராவது வடக்கே வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன்,
சாரங்கபாணி.

பி.கு. 20-ஆம் தேதி, சாயங்காலம். மேலே கண்டதை நேற்று ராத்திரியே எழுதி முடித்து, இன்று ஸ்நானம் ஆகிவந்து தபாலில் சேர்ப்பது என்று கவரில் ஸ்டாம்பு ஒட்டி மாடத்தில் வைத்திருந்தேன். ஸ்நானம் ஆயிற்று. ஈர வேஷ்டியோடு வந்து, வழக்கம்போல் பெட்டியைத் திறந்து சொம்பைச் சாய்த்தேன். வாசலில் யாரோ இருமினார்கள். நஜிமுதீன் பாய். பையனைக் கிளார்க் வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று என்னிடம் கேட்டுக்கொள்வதற்காக முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். வந்தவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க சாமி?”

“ப்ரோக்ஷணம்” என்றேன்.

“தினமுமா?”

“ஏகாதசிக்கு மட்டும் முழுச் சொம்பு.”

பாய் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வருத்தம் வராதபடி பக்குவமாகத்தான் சொன்னார். கம்பி மேல் இருக்கிற பூச்சு, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். நெருப்புப் பட்டதும் அது ஆவியாகி, உருகின உலோகத்துக்குள்ளிருந்து வழி பண்ணிக்கொண்டு வெளியே வருமாம். வருகிற வழிதான் அந்த ஊசிமுனை ஓட்டை. எந்த உலோகத்துக்கு எந்தக் கம்பியை எவ்வளவு பொருத்தம் பார்த்துப் போட்டாலும் நனைந்த கம்பி நனைந்த கம்பிதானாம். நான் எழுந்துபோய்க் கோயிலாழ்வாரிலிருந்து உங்கள் அசலை எடுத்து, மஞ்சள் மூலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து இல்லை அது. ‘எல்லாவற்றிலும் முக்கியம்: கம்பியில் ஒரு சொட்டு ஈரம்கூடப் படக் கூடாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குத்தான் நான் உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் இது ஒன்றுதான் நான் செய்த பொய் அத்தாட்சி.

சேஷுவிடம் பாய் சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டான். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “தினமும் எனக்காகவாப்பா வேண்டிண்டேள்?” என்று மட்டும் கேட்டான். அவ்வளவு நஷ்டத்தையும் விட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்திருக்கிறது. வேஷ்டி ஈரமாயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மெழுகுத் தாள் பிரிக்காத கட்டு தப்பியிருந்தது. இருந்தாலும் பாய், எதற்கும் அதை வாணலியில் போட்டு நன்றாகச் சூடுபடுத்தச் சொன்னார். வீட்டில் கனல் இருந்தது தளிகை உள் குமுட்டி அடுப்பில் மட்டும்தான். “இது உள்ளே வரலாமோன்னா?” என்று வேதவதி என்னைப் பார்த்தாள். வரலாம் என்றேன். அவள் வற்றல் வறுக்கிறவள் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிக் கொடுத்தாள், நான் விசிறினேன். அதை எடுத்துக்கொண்டு சேஷு ஓடினான், பின்னாலேயே நானும் பாயோடு பஸ் ஏறினேன். சேஷு மூன்றாம் தடவை ஒட்டி ஆற வைத்து, சாம்பலிலிருந்து பம்பை எடுத்து உள்ளே தண்ணீர் ஊற்றினபோது மத்தியானம் மணி மூன்று. சின்னையா இப்படிப் புரட்டி அப்படிப் புரட்டி, ஒட்டின இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாலு மணி பஸ்ஸில் பம்பை ஏற்றிவிட்டோம்.

ஆகையால் மேலே நான் கேட்டுக்கொண்டபடி சேஷுவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். சிநேகிதருக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மயிலம்மாளின் வாணலியும் இட்லிப் பானையும் பாய்லரும் வரிசையில் இருக்கின்றன. இக்கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, உங்களைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் இருந்த மற்றக் கம்பிகள் உதவாது என்று பாய் சொல்லிவிட்டார். எல்லா உலோகத்துக்குமாக ஒவ்வொரு கட்டு உடனே அனுப்பிவைக்கவும். ஈரம் படக் கூடாது என்று பார்சல் மேல் கொட்டை எழுத்தில் எழுதவும். மூலையில் எழுத வேண்டாம், நடுவில் எழுதவும். மூலைகளில் உங்கள் மாமியார் மஞ்சள் தடவுவாள்.

சா.